பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டால் போதுமா?

ஓர் ஆய்வின் பி-மதிப்பு (p-value) 0.05 என்ற வாசலுக்குக் கீழே வந்தால் முடிவு 'தேறியது' என்பது வழக்கம். அது 0.03 என்று வந்ததும், நம் கருதுகோள் சரியாக இருக்க 97 சதவீத வாய்ப்பு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மருந்தைச் சோதிக்கிறோம் என்றால், அதனால் எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டு, இந்த அளவுக்கோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கருதுகோள்களைச் சோதிக்கிறோம், அவற்றில் 100 மட்டுமே உண்மை. உண்மையானவற்றில் 80 சதவீதத்தைப் பிடிக்கும் அளவுக்கு நல்ல ஆய்வு என்றால் 80 கிடைக்கும். வாசல் 0.05 என்பதால், மீதி 900-ல் 5 சதவீதம், அதாவது 45, தற்செயலாகத் தேறிவிடும். ஆக, வெற்றி என்று கையில் இருக்கும் 125 முடிவுகளில் 45 பொய். இத்தனைக்கும் யாரும் ஏமாற்றவில்லை. மாதிரி (ஆய்வில் சேர்க்கும் ஆட்களின் எண்ணிக்கை) சிறியதாகி, 20 சதவீதத்தைத்தான் பிடிக்க முடியும் என்றால், 65-க்கு 45 பொய்!

அடுத்த தவறு, விடை வரும்வரை தேடுவது. மொத்தத் தரவில் வித்தியாசம் இல்லை. சரி, பெண்களை மட்டும் பார்ப்போம். அப்புறம் 60 வயது தாண்டியவர்களை. இப்படி ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், பலனே இல்லாத இடத்திலும் ஒன்றாவது 'தேற' 64 சதவீத வாய்ப்பு உண்டு. 2009-ல் செத்த சால்மன் மீன் ஒன்றை மூளை ஸ்கேனில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ஸ்கேனின் ஆயிரக்கணக்கான புள்ளிகளை, பல சோதனைகள் செய்வதற்கான திருத்தம் இல்லாமல் சோதித்ததில், மீனின் மூளை இயங்குவதாக முடிவு வந்தது. திருத்தம் செய்ததும் அது மறைந்துவிட்டது. தரவு சேரச் சேர எட்டிப் பார்த்து, 0.05-ஐத் தொட்டதும் நிறுத்திக்கொள்வதும் இதே தவறுதான்.

0.05-ஐத் தாண்டிவிட்டால் 'பலன் இல்லை' என்று எழுதுவதும் தவறு. ஆய்வு சிறியதாகவும் இருந்திருக்கலாம். பலனின் அளவையும் நம்பக இடைவெளியையும் (உண்மையான பலன் எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) சேர்த்துக் கொடுங்கள்.

2015-ல் வெளியான ஒரு பெரிய முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். முதலில் 97 சதவீதம் தேறியிருந்தன. மறுமுறை 36 சதவீதம்தான். அதற்காக மற்றவையெல்லாம் மோசடி என்று முடிவுகட்டக் கூடாது. சிறிய ஆய்வுகளில் தேறி வெளிவரும் பலன் பெரும்பாலும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த அளவை நம்பி மறுஆய்வுக்கு ஆட்களைச் சேர்த்தால், அதுவும் பலவீனமாகத்தான் அமையும்.

வாசலை 0.005-க்கு இறக்கலாம் என்று 72 ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள். பொய்யான முடிவுகள் நிச்சயம் குறையும். ஆனால் எதை அளக்கப் போகிறோம், எத்தனை பேரிடம், எப்போது நிறுத்துவோம் என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே பதிவு செய்வதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். சில ஆய்விதழ்கள் இந்தத் திட்டத்தை மட்டும் பார்த்து, முடிவு எதுவானாலும் வெளியிட ஒப்புக்கொள்கின்றன. ஆய்வைத் தொடங்கும் முன் அப்படி ஓர் இதழ் உங்கள் துறையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.