பெர்ச் குளத்தில் குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் ஒரு பண்ணைக் குளம் இருக்கிறது. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், சுற்றிலும் சோளக்காடு. குளத்துக்காரர் வயதான விவசாயி. தெரிந்த குடும்பங்களை மட்டும் சனி, ஞாயிறுகளில் மீன் பிடிக்க விடுவார். முதல் தடவை போனபோது யெல்லோ பெர்ச் என்கிற நன்னீர் மீன் பதினான்கு பிடித்தோம். சின்னதையெல்லாம் தண்ணீரில் விட்டுவிட்டு, பெரியதாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தோம். வாளியைத் தூக்கிப் பெருமையாக அவரிடம் காட்டினேன். எட்டிப் பார்த்தார். "எல்லாமே பெண் மீன்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிராக்டர் பக்கம் போய்விட்டார்.

அவர் என்ன சொன்னார் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. பெர்ச்சில் பெண் மீன்தான் வேகமாக வளரும், பெரியதாகவும் ஆகும். ஆண் மீன் சின்ன உடம்பிலேயே நின்றுவிடும். ஆகவே பெரியதாகப் பார்த்துப் பொறுக்கினால், முட்டையிடும் மீன்களைத்தான் பொறுக்குகிறோம். வட அமெரிக்காவின் ஐந்து பெரிய ஏரிகளில் ஒன்றான ஈரி ஏரியில் அப்படிச் செய்தால் ஒரு குடும்பம் பிடித்தது கணக்கிலேயே வராது. அந்த ஏரியின் பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஒரு ஏக்கர் குளத்தில் இரண்டு வாளி மீனே பெரிய விஷயம். இது ஒருவர் காசு போட்டுக் குஞ்சு விட்டு, தீனி போட்டு வளர்க்கிற இடம். பொது ஏரிப் பழக்கத்தோடு இங்கே வருவதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம்.

கேட்காமல் எடுப்பது, கேட்காமல் விடுவது

போன உடனே குளத்துக்காரரிடம் கேட்க வேண்டியது: எத்தனை எடுக்கலாம், எந்த அளவில் எடுக்கலாம், எதைத் திருப்பி விடக் கூடாது?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "பாவம்ப்பா, குட்டி மீன், விட்டுடலாம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள், நமக்கும் மனசு இளகும். ஆனால் பெர்ச் ஒரு குளத்தில் அளவுக்கு மீறிப் பெருகினால் எல்லாம் தீனிக்கு அடித்துக்கொண்டு ஐந்தங்குலத்திலேயே தேங்கிவிடும். அதைத் தின்று குறைக்க லார்ஜ்மவுத் பாஸ் போன்ற பெரிய மீன் இருந்தால் சரி. போதிய அளவு இல்லாத குளத்தில் குட்டியைத் திருப்பி விடுவது உபகாரமே இல்லை. சில குளங்களில் பிடித்த சின்ன பெர்ச் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள் என்றே சொல்வார்கள். இன்னொரு குளத்தில் நேர்மாறாக, பாஸ் அதிகம், பெர்ச் குறைவு, எல்லாவற்றையும் விடுங்கள் என்பார்கள். குளத்துக்குக் குளம் கணக்கு வேறு. பக்கத்துப் பண்ணையில் கேட்டதை வைத்து இங்கே நடந்துகொள்ள முடியாது.

பிடித்த மீனின் நீளத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்கிற குளத்துக்காரர்கள் உண்டு. அலுப்பாக இருக்கும், ஆனாலும் எழுதுங்கள். எங்கள் மகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவளுக்குத் தூண்டிலைவிட அளவுகோல்தான் பிடித்துப்போனது.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. பொது நீர்நிலையோடு தொடர்பில்லாத, மீன் வந்துபோக வழியில்லாத தனியார் குளத்தில் பிடிக்க ஒஹாயோவில் மீன்பிடி உரிமம் தேவையில்லை. இதைக் கேட்டுவிட்டு எல்லா மாநிலத்திலும் அப்படித்தான் என்று நினைப்பது தவறு. ஓடையோடு இணைந்த குளமென்றால் ஒஹாயோவிலேயே கதை மாறிவிடும்.

வாளியில் கொண்டு வருவதும் கொட்டிவிட்டுப் போவதும்

இதைத்தான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். மற்றவற்றில் நம் மீன் போகும், நம் பொழுது போகும். இதில் அடுத்தவர் குளமே போய்விடும்.

கடையில் வாங்கிய உயிருள்ள மின்னோ இரை மீன் மிச்சமாகிவிட்டது. பிள்ளைகள் "ஃப்ரீயா விட்டுடலாம்" என்கிறார்கள். குளத்தில் கவிழ்த்துவிடுகிறோம். அந்த வாளியில் இருந்தது மின்னோ மட்டும்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேறு மீன்களின் குஞ்சும் கலந்திருக்கலாம், தண்ணீரில் நோயும் இருக்கலாம். விஎச்எஸ் என்ற வைரஸ் நோய் பெரிய ஏரிகளுக்குள் புகுந்தபோது, 2006 வசந்த காலத்தில் ஈரி ஏரியில் பெர்ச் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தது. மனிதரை அது ஒன்றும் செய்யாது. மீனுக்கு உள்ளுக்குள் இரத்தம் கசியும். ஏரியிலிருந்து நாலு பெர்ச்சை உயிரோடு கொண்டு வந்து குளத்தில் விட்டு அழகு பார்ப்பதும் இதே தவறுதான். பல மாநிலங்களில் சட்டப்படியும் குற்றம்.

என் யோசனை: குளத்துக்கு மின்னோவே கொண்டு போகாதீர்கள். மண்புழு போதும். மிஞ்சிய புழுவையும் கரையில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள். நமக்கு மண்புழு என்றால் விவசாயியின் நண்பன். ஆனால் பனியாறுகள் மூடிக் கிடந்த அமெரிக்க வடபகுதிக் காடுகளில் மண்புழுவே இல்லாமல் இருந்தது. இப்போது இருப்பவை வெளியிலிருந்து வந்தவை. உதிர்ந்த இலைப் படுகையை அவை தின்று தீர்ப்பதால் அந்தக் காடுகளுக்குக் கெடுதல்தான்.

பெரிய முள், பெரிய தக்கை

ஊரில் தவளையைக் குத்தி விரால் பிடித்த கை என்றால் முள் பெரியதாக இருக்க வேண்டும் என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெர்ச் கொத்திப் பார்த்துத் தின்கிற மீன். டக் டக்கென்று இரண்டு தட்டு, அவ்வளவுதான். பெரிய முள்ளில் முழுப் புழுவைக் கோத்துப் போட்டால் வால் பக்கத்தைக் கடித்துக்கொண்டு போய்விடும். நாம் வெறும் முள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

6 அல்லது 8 எண் முள் போதும். எண் ஏற ஏற முள் சிறியதாகும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். தண்டு நீளமான முள்ளாகப் பார்த்து வாங்கினால் கழற்றுவது சுலபம். புழுவில் ஒரு அங்குலத் துண்டு. நாலு பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு. கிரிக்கெட் பந்து அளவில் சிவப்பும் வெள்ளையுமாகத் தக்கை விற்பார்கள். பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். வாங்கித் தராதீர்கள். அதை முக்கும் அளவுக்கு பெர்ச்சுக்கு இழுவை கிடையாது. பென்சில் மாதிரி மெல்லிய தக்கை என்றால் லேசாகத் தொட்டாலே தெரியும்.

முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனைக் கழற்றுவதற்காக என்பதைவிட, தம்பியின் காதைக் கழற்றுவதற்காக. குடும்பத்தோடு போனால் முள் யார் மேலாவது ஒரு நாள் மாட்டத்தான் செய்யும். அப்புறம், இரை அமிழ்வதற்காக நரம்பில் மாட்டுகிற ஈயக்குண்டு. அதைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிற பழக்கம் பெரியவர்களிடம் இருக்கிறது, பார்த்துப் பிள்ளைகளும் செய்வார்கள். ஈயம் வாயில் வைக்கிற பொருளா? வெள்ளீயக் குண்டு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். இறுக்குவதற்குக் குறடு இருக்கிறது.

ஒரே இடத்தில் நாற்காலி போடுவது

பெர்ச் கூட்டமாகத் திரிகிற மீன், அதுவும் ஏறக்குறைய ஒரே அளவுள்ளவை சேர்ந்து திரியும். நாலு மீன் தொடர்ந்து ஐந்தங்குலமாக வந்தால், ஐந்தாவது எட்டங்குலமாக வரும் என்று காத்திருக்காதீர்கள். பெரியது வேறு கூட்டத்தில் இருக்கிறது. இருபது அடி நகருங்கள். பத்து நிமிடம் ஒன்றும் கொத்தவில்லை என்றாலும் நகருங்கள். சாப்பாட்டுப் பையும் பாயும் விரித்த இடத்திலேயே மீனும் வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

பெர்ச் அநேகமாக அடித்தரைக்குப் பக்கத்தில் மேயும். இரை தரையிலிருந்து அரையடி, ஒரு அடி உயரத்தில் தொங்கட்டும். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. ஜூலை வெயிலில், காற்றூட்டி (தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடும் கருவி) இல்லாத குளத்தில் மேல் தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் தனித்தனி அடுக்காகப் பிரிந்துவிடும். அடியில் பிராணவாயு தீர்ந்துபோகும். அங்கே மீன் இருக்காது, இடைப்பட்ட ஆழத்தில் நிற்கும். அந்த மாதங்களில் தக்கையை ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் ஆழத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். அலுவலகம் முடிந்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்து, இருட்டிய பிறகும் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெர்ச் கண்ணால் பார்த்து இரை தேடும் மீன். இருட்டிவிட்டால் அடியில் போய்ச் சும்மா கிடக்கும். காலையிலோ பிற்பகலிலோ போங்கள்.

பிள்ளைகளிடம் பெரிய மீன் கதை சொல்லி ஆசை காட்டுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். யெல்லோ பெர்ச்சில் உலகச் சாதனை 4 பவுண்டு 3 அவுன்ஸ். நியூ ஜெர்சியின் போர்டன்டவுனில் 1865இல் பிடித்தது, இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. குளத்தில் ஒன்பதங்குலம் கிடைத்தாலே கை தட்டலாம்.

கையும் காலும்

மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை, ஆரஞ்சுத் துடுப்பு. பார்த்ததும் குழந்தைகள் கையை நீட்டிவிடுவார்கள். முதுகுத் துடுப்பில் வரிசையாக முள், செவுள் மூடியின் ஓரமும் கூர்மை. தலைப் பக்கமிருந்து கையை வழித்து, துடுப்பை மடக்கியபடி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். விடப்போகிற மீனென்றால் கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் பிய்த்து எடுக்காமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று, நாங்களே செய்தது. ஏப்ரல் மாதம் கரையோரக் கிளையில் நீண்ட ஜெல்லி நாடா ஒன்று தொங்கியது, மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்தி மாதிரி. பாசி என்று நினைத்துக் குச்சியால் சுற்றி எடுத்துக் கரையில் போட்டோம். அது பெர்ச் முட்டை. தண்ணீர் 7 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது செடியிலும் கிளையிலும் இப்படி நாடாவாக இடும். ஒரு நாடாவில் பல்லாயிரம் முட்டை. பெர்ச் காவலும் இருக்காது, இட்டுவிட்டுப் போய்விடும். இதற்காகவே கிறிஸ்துமஸ் மரத்தைக் குளத்தில் அமுக்கி வைக்கிறவர்கள் உண்டு. பெருக்கம் மிஞ்சினால் அதில் பாதி நாடாவைக் குளத்துக்காரரே எடுத்தும் விடுவார். அது அவர் கணக்கு, நாம் கை வைக்கக் கூடாது. அமுங்கிக் கிடக்கும் மரத்தில் தூண்டில் சிக்கினாலும் மரத்தையே இழுத்துக் கரையேற்றாதீர்கள்.

குளம்தானே என்ற எண்ணமும் ஆபத்து. பண்ணைக் குளத்தின் கரையைச் செடி மண்டாமல் இருக்க வேண்டுமென்றே நல்ல சரிவாக வெட்டுவார்கள். மூன்று அடி உள்ளே போனால் ஒரு அடி ஆழம் என்பது வழக்கமான கணக்கு. ஐந்து வயதுக் குழந்தை பத்து எட்டு வைத்தால் முழுகிவிடும். கரையில் நின்று பிடிப்பதானாலும் சின்னப் பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுங்கள்.

குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் உட்கார்ந்து பிடிப்பதற்கும் அழைப்பு வரும். தெளிவான புதுப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் கனம் இருந்தால்தான் மேலே நடக்கலாம் என்பது பொதுவான அறிவுரை. பராமரிக்கிற குளங்களில் காற்றூட்டி ஓடும். குமிழி வருகிற இடத்தைச் சுற்றிப் பனி மெலிந்துதான் இருக்கும், மேலே தூவிய பனியில் அது வெளியே தெரியாது. காற்றூட்டி எங்கே இருக்கிறது என்று கேட்காமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

வெயிலில் வாளித் தண்ணீரில் நாலு மணி நேரம் போட்டு வைத்தால் சதை கொழகொழத்துவிடும். பிடித்தவுடன் ஐஸ் பெட்டிக்குள் போட வேண்டும். பெர்ச்சின் செதில் சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருக்கும், சுரண்டுவது பெரும்பாடு. தோலை உரித்துவிடுவதே வசதி. இங்கே இரண்டு பக்கச் சதையையும் சீவி எடுத்து மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் பெர்ச்சுக்குத் தனி மரியாதை.

மீன் ஆயும்போது சதைக்குள் மஞ்சளாக, அரிசி அளவில் கட்டி தெரிந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாங்கள் ஒரு தடவை போட்டோம். அது மஞ்சள் புழு என்கிற ஒட்டுண்ணி. கொக்கு, நத்தை, மீன் என்று மூன்று உடம்பில் சுற்றி வருவது. கொக்கு வந்து இறங்குகிற எந்தக் குளத்திலும் இருக்கலாம். கத்தி முனையால் நோண்டி எடுத்துவிட்டு நன்றாக வேக வைத்தால் ஒன்றும் ஆகாது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மட்டும் சாப்பிடக் கூடாது. மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை தடவி, ரவையில் புரட்டி மொறுமொறுவென்று பொரிக்கிற வீட்டில் அந்தக் கவலைக்கு இடமில்லை.

அந்தப் பொரியலில் ஒரு தட்டைக் குளத்துக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணில் நீர் வழியத் தின்று முடித்துவிட்டு, அடுத்த தடவை குட்டி மீனாகப் பார்த்து முப்பது எடுத்துக்கொள் என்றார்.