காதா, சொல்லா, கருத்தா? சீனாவிலிருந்து வரும் மாணவரின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் முறை

போன வாரம் ஒரு தங்கை தொலைபேசியில் கேட்டார். "அக்கா, சீனாவிலிருந்து வந்த பையன் ஒருவன் துணைப்பாடத்துக்குச் சேர்ந்திருக்கிறான். பதினாறு வயது. அவனுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று எப்படிப் பார்ப்பது?" கடையில் வாங்கிய பயிற்சித்தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாராம். நூற்றுக்கு 48. அந்த 48-ஐ வைத்துக்கொண்டு அடுத்த வாரம் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்காது. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில், ஜூரோங் வெஸ்ட்டில் என் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் பாடம் நடத்துகிறேன். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் நம் பிள்ளைகளும் பக்கத்து புளோக் மலாய்ப் பிள்ளைகளும்தான். அப்புறம் கீழே காப்பிக் கடையில் பழக்கமான ஒரு சீனத்து அம்மா தன் மகளைக் கொண்டுவந்து விட்டார். பிள்ளையின் படிப்புக்காக ஊரையும் வீட்டுக்காரரையும் விட்டு இங்கே வந்து தங்கும் தாய்மார்களை அவர்கள் மொழியில் 'பெய்து மாமா' என்பார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் வந்து, இப்போது என்னிடம் படிப்பவர்களில் பாதிப்பேர் சீனாவிலிருந்து வந்தவர்கள். எனக்கு மாண்டரினில் நூறு வரை எண்ணத் தெரியும், சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியும். சோதனை வைப்பதற்கு அது நல்லதுதான். பாவம் என்று மொழிபெயர்த்துச் சொல்ல வழியில்லை.

முதலில், வந்த பிள்ளை எந்தத் தேர்வுக்குப் பழகியது என்று தெரிந்துகொள்ளுங்கள். சீனாவில் உயர்நிலைப் படிப்பு முழுவதும் காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நோக்கியே ஓடும். அதன் தேசிய ஆங்கிலத் தாளுக்கு 150 மதிப்பெண். அதில் கேட்டலுக்கு 30. கேள்விகள் 20, ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள். முதல் ஐந்து குட்டி உரையாடல்களை ஒருமுறைதான் போடுவார்கள், மீதியை இரண்டு முறை. வாசிப்புக்கு 50. நான்கு பகுதிகளில் 15 தெரிவுக் கேள்விகள். கடைசியில் ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு, கீழே ஏழு வாக்கியம் கொடுத்து, பொருந்தும் ஐந்தைச் செருகச் சொல்வார்கள். நல்ல கேள்வி அது, நானே கடன் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேட்டலிலும் சரி, வாசிப்பிலும் சரி, பிள்ளை தன் சொந்த வாக்கியம் ஒன்றைக்கூட எழுத வேண்டியதில்லை. நம் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் கருத்தறிதல் என்றால் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும். கேட்டலின் கடைசிப் பகுதியை ஒரே முறைதான் கேட்க முடியும், கேட்டுக்கொண்டே குறிப்பு நிரப்ப வேண்டும். 2027 முதல் தேர்வின் பெயர் மாறுகிறது. அதனால் இந்தப் பிள்ளைகளின் கஷ்டம் மாறிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று. இங்கே பள்ளியில் சேர வெளிநாட்டு மாணவர்கள் எழுதும் ஏஇஐஎஸ் தேர்வில் உயர்நிலைக்குக் கேட்டல் பகுதி கிடையாது. நன்றாக எழுதிப் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு, வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் ஆசிரியர் பேசுவது புரியவில்லை என்றே தெரிகிறது. அந்த நிலையில்தான் நம்மிடம் வருவார்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். என் முறைக்கு ஒரு பென்சில், ஒரு நீலப் பேனா, ஒரு பச்சைப் பேனா வேண்டும். ஒன்றரை நிமிடப் பேச்சு ஒன்றையும் அதற்கு ஆறு கேள்விகளையும் தயார் செய்யுங்கள். கேள்விகளை முன்னாலேயே வாசிக்க அரை நிமிடம் கொடுத்து, பேச்சை இரண்டு முறை போடுங்கள். பிள்ளை பென்சிலில் பதில் எழுதட்டும். அப்புறம் அதே பேச்சை எழுத்தில் கொடுங்கள். அதே கேள்விகளுக்கு இப்போது நீலத்தில் பதில். மூன்றாவதாக அகராதி பார்க்க விடுங்கள், தெரியாத சொல்லையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டுப் பச்சையில் எழுதட்டும். முன்னால் எழுதியதை அழிக்கக் கூடாது.

பென்சிலில் தப்பாகி நீலத்தில் சரியானால், சொல் தெரிகிறது, காதில்தான் விழவில்லை. நீலத்திலும் தப்பாகிப் பச்சையில் சரியானால், சொல் தெரியவில்லை. பச்சையிலும் தப்பு என்றால் கருத்தைப் பின்தொடர முடியவில்லை. அல்லது நீங்கள் கேட்ட கேள்வி கோணல். இரண்டாம் முறை பார்ப்பதாலேயே கொஞ்சம் கூடத்தான் செய்யும், ஆகவே ஒரு கேள்வி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பெண், பென்சிலில் ஆறுக்கு ஒன்று, நீலத்தில் ஆறுக்கு ஆறு. அவளை ஏற்கெனவே ஒருவர் மாதக்கணக்கில் சொற்பட்டியல் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்.

பேச்சை நீங்களே எழுதுவது நல்லது. கட்டுரையை எடுத்து உரக்க வாசித்துவிடாதீர்கள். பேசுகிறவர் நடுவில் நிறுத்துவார், மாற்றிச் சொல்வார், சொன்னதையே திருப்பிச் சொல்வார். அதையெல்லாம் எழுதும்போதே விட்டு வையுங்கள். என்னுடைய பேச்சு ஒன்றில் ஒரு பெண் தோழிக்குக் குரல் பதிவு அனுப்புகிறாள். சைனீஸ் கார்டன் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் பத்தரைக்குச் சந்திப்பதாகத் தொடங்கி, மழை வரும்போலிருக்கிறது என்று பெருமூச்சு விட்டு, பதினொன்றே காலுக்கு நூலகத்துக்கே வந்துவிடச் சொல்லி முடிப்பாள். அதில் 'பட்' (but) என்ற சொல்லே வராது. காரணம் இருக்கிறது. 'பட்' வந்ததும் காதைத் தீட்டு, விடை அதற்குப் பின்னால்தான் என்று இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமாகியிருக்கிறது. அந்தத் தந்திரம் இருந்தால் பேச்சு புரியாமலேயே மதிப்பெண் வாங்கிவிடலாம்.

வேகமும் முக்கியம். சாதாரணப் பேச்சில் நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் வரும். அவர்கள் பழகிய ஒலிப்பதிவு நிதானமானது, ஸ்டூடியோவில் பேசிய சுத்தமான குரல். அதனால் நான் இரண்டு பதிவு வைத்திருக்கிறேன். ஒன்று, நிமிடத்துக்கு 120 சொல் கணக்கில் நானே நிறுத்தி நிதானமாகப் பேசியது. இன்னொன்றைப் பேசியவர் பக்கத்து வீட்டு மலாய் அக்கா. எழுதிக் கொடுத்ததை அவர் தன் பாட்டுக்குப் பேசிவிட்டார், அதுதான் எனக்கு வேண்டும். முதல் பதிவு புரிந்து இரண்டாவது புரியாவிட்டால் பிள்ளைக்கு இந்த ஊர் காது இன்னும் வரவில்லை என்று பொருள். அது சில மாதத்தில் தானாகவே சரியாகும், அதற்குப் பணம் வாங்குவது பாவம்.

பதிவு செய்யக் கைத்தொலைபேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். நான் முதன்முதலில் பதிவு செய்தது ஒரு சனிக்கிழமை காலை. கீழே பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரர் ஹார்னை அமுக்கிக்கொண்டே போனார், சரியாகப் பேருந்து எண் சொல்லும் இடத்தில். நான் கவனிக்கவில்லை. அந்தக் கேள்வியை ஏழு பேரும் தப்பாக எழுதினார்கள். எண்களில் இவர்கள் ரொம்பப் பலவீனம் என்று ஒரு முழு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்களில் உண்மையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, ஆனால் அது வேறு. சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிச்சொல் உண்டு. நாற்பத்தைந்தாயிரம் அவர்களுக்கு நான்கரை வான். 'ஹண்ட்ரட் தௌசண்ட்' என்று கேட்டதும் நமக்கு ஒரு நொடி நின்று லட்சம் என்று மாறுகிறதே, அதே நிலைதான். மாற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியம் போய்விடும். ஐந்து பெரிய எண்களைச் சொல்லி இலக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். 'தர்ட்டீன், தர்ட்டி' மாதிரி இரண்டு ஜோடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு கடைசி மெய்யெழுத்து. மாண்டரினில் ஓர் அசை உயிரில் முடியும், அல்லது ன், ங் போன்ற ஒலியில் முடியும். ட், க், ப் என்று முடியாது. நம் தாத்தாக்கள் 'பஸ்ஸு' என்று உகரம் சேர்த்துச் சமாளித்தார்கள், இவர்கள் அந்தக் கடைசி ஒலியை விழுங்குகிறார்கள். பேசும்போது விழுங்குவது கேட்கும்போதும் நழுவும். 'தே பார்க் நியர் த ஸ்கூல்', 'தே பார்க்ட் நியர் த ஸ்கூல்' என்று இரண்டையும் சொல்லி, இது வழக்கமா, நடந்து முடிந்ததா என்று கேளுங்கள். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது என்பதால் அந்தச் சின்ன ட்-டைத் தேடும் பழக்கமே இருக்காது. 'ஐ கேன் கம்', 'ஐ கான்ட் கம்' இரண்டும் கட்டாயம். வரமாட்டேன் என்று சொன்ன நண்பனுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்த கதை என் மாணவர் ஒருவரிடம் இருக்கிறது.

தெரிவுக் கேள்வி வைப்பதானால் கணக்கு ஒன்றை நினைவில் வையுங்கள். மூன்று தெரிவு, 20 கேள்வி என்றால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே ஆறேழு சரியாகும். அதைவிட மோசம், நாமே விடையைக் காட்டிக்கொடுப்பது. என் பழைய கேள்வித்தாள் ஒன்றை, பதிவைப் போடாமலேயே, தொடக்கநிலை ஆறில் படித்த என் மகனிடம் கொடுத்தேன். 20-க்கு 14 எடுத்தான். "எப்படிடா?" என்றால், "நீளமா இருக்கிறதுதான் ஆன்சர், அம்மா" என்கிறான். அன்றிலிருந்து எந்தக் கேள்வித்தாளும் முதலில் அவன் கைக்குப் போகும். பேச்சையோ பத்தியையோ பார்க்காத ஒருவர் பாதிக்குமேல் சரியாக எழுதினால் கேள்விகளை மாற்றி எழுதுங்கள். தெரிவுகள் நீளத்தில் ஒத்துப்போக வேண்டும். தவறான தெரிவிலும் பேச்சில் வந்த சொல் இருக்க வேண்டும்.

இனி வாசிப்பு. பத்தி தேர்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். துணையில்லாமல் ஒன்றை வாசித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்லாட்சி ஆய்வாளர்கள் சொல்லும் அளவு. 300 சொல் பத்தியில் ஆறு சொல்தான் தெரியாமல் இருக்கலாம். சீனப் பாடத்திட்டம் உயர்நிலை முடிவில் எதிர்பார்ப்பது சுமார் 3000 சொல். நாளிதழ்த் தலையங்கத்தைக் கொடுத்தால் பக்கம் முழுக்கக் கோடுதான் விழும். நான் கேள்விக்கு முன்னால் பத்தியை மட்டும் கொடுத்து, தெரியாத சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொல்வேன். பத்துக்கு மேல் போனால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு எளிதாக வேறொன்று தருவேன். வாசித்து முடிக்க எத்தனை நிமிடம் என்பதையும் ஓரத்தில் குறித்துவைக்கிறேன்.

பத்தி எதைப் பற்றியது என்பதிலும் கண் வேண்டும். ஒருமுறை லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்கு மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவதைப் பற்றி நானே ரசித்து எழுதிக் கொடுத்தேன். மாட்டுக்கு ஏன் மரியாதை என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் குறையில்லை, மாட்டுப் பொங்கல் தெரியாது, அவ்வளவுதான். உணவங்காடியில் திசுத்தாள் வைத்து இடம் பிடிப்பதும் அப்படித்தான், வந்து ஒரு வாரமான பிள்ளைக்கு அது மர்மம். சீனர்களின் இலையுதிர் விழா பற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் தப்பு, வாசிக்காமலேயே பதில் வரும். இரு பக்கத்துக்கும் புதிதான விஷயம் நல்லது. தேனீ, பாலம் கட்டுவது, தூக்கம், இப்படி.

கேள்விகளில் ஒன்றிரண்டு தெரிவுக் கேள்வி இருக்கட்டும். 'இட்', 'திஸ்' எதைக் குறிக்கிறது என்று ஒன்று கேளுங்கள். 'ஹி', 'ஷி' இரண்டுக்கும் சீனப் பேச்சில் ஒரே ஒலி, 'தா'. அதனால் இரண்டு பேர் வரும் கதையில் யார் சொன்னது என்று கேட்பதும் பயனுள்ளது. கடைசியாகச் சொந்தச் சொற்களில் இரண்டு. இங்கே பெரும்பாலும் பத்தியிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை அப்படியே எடுத்து வைத்துவிடுவார்கள். சரியான வாக்கியத்தை எடுத்திருந்தால் புரிந்திருக்கிறது, எழுத வரவில்லை. அதைத் தனியாகக் குறியுங்கள். வாசிப்பைச் சோதிக்கும் தாளில் இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். எனக்கும் கை அரிக்கத்தான் செய்கிறது.

திருத்திய பிறகு பத்து நிமிடம் பிள்ளையோடு உட்காருங்கள். "ஏன் இதைத் தேர்ந்தாய்?" என்று சரியான விடைக்கும் கேளுங்கள். குருட்டு அதிர்ஷ்டம் அப்போதுதான் வெளிவரும். சிரிப்பார்கள், தோளைக் குலுக்குவார்கள். குழுவாக எழுதினால் இன்னொரு வசதி உண்டு. நன்றாகச் செய்தவர்கள் தவறவிட்டு, திணறியவர்கள் மட்டும் சரியாக எழுதிய கேள்வி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பழி உங்கள் கேள்விமேல்தான். கிழித்துப் போடுங்கள்.

அம்மாவுக்கு முடிவைச் சொல்வது கடைசிக் கட்டம். சீனர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலியில் முதல் கேள்வியே எத்தனை மதிப்பெண் என்றுதான் வரும். எண்ணை அனுப்பினால் அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். நான் மூன்று வரி அனுப்புவேன்: காது எப்படி, சொல் எப்படி, கருத்து எப்படி. அதோடு அடுத்த எட்டு வாரம் எதில் கவனம் வைக்கப்போகிறோம் என்று ஒரு வரி. மொழிபெயர்ப்புச் செயலிக்குச் சின்ன வாக்கியமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சொல்லாததெல்லாம் போய்ச் சேரும். எட்டு வாரம் கழித்து அதே நீளத்தில், அதே வேகத்தில், வேறு பேச்சு, வேறு பத்தி.

வேறு என்று ஏன் சொல்கிறேன் என்றால், தாள் வெளியே போய்விடும். ஒருமுறை புதிதாக வந்த பையன் பதிவு முடியும் முன்பே ஆறு விடையும் எழுதிவிட்டான், ஆறும் சரி. கேள்வித்தாளைப் போன மாதமே யாரோ படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தார்களாம். இப்போதெல்லாம் தாளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறேன். கைத்தொலைபேசிகள் சமையலறை மேசைமேல் பழைய மைலோ டப்பாவுக்குள்.