வீட்டில் இருக்கும் விஷங்களை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

கெமிக்கல் இல்லாத வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது சோப்பிலும் ஷாம்பூவிலும்தான். ஆர்கானிக் என்று போட்ட ஷாம்பூவை விலை கொடுத்து வாங்கி வைத்துவிட்டு, அதே பாத்ரூம் மூலையில் லேபிளே இல்லாத பாட்டிலில் ஆசிட் நிற்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். என்னைக் கேட்டால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். உடனே உயிருக்கு ஆபத்தாகக்கூடியது எது, குழந்தையின் வாய்க்குப் போகக்கூடியது எது, கதவு மூடிய அறையில் மூச்சில் போவது எது, தோலில் மாதக்கணக்கில் ஊறுவது எது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். செலவும் குறையும், பலனும் அதிகம்.

அதனால் பாத்ரூமிலிருந்து தொடங்குவோம். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் என்று கூவிக்கொண்டு மொபெட்டில் வருபவரிடம் வாங்கும் ஆசிட் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோதான் வரும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில் விற்கும் பிராண்டட் டாய்லெட் கிளீனரிலும் அதே அமிலம்தான், ஆனால் சுமார் 10 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும், மூடியும் சுலபத்தில் திறக்காது. தெருவில் வாங்குவது எத்தனை சதவீதம் என்று விற்பவருக்கே தெரியாது. ஆசிட்டை வாங்குபவரின் அடையாளச் சான்று பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவு போட்டது. அது தெருவுக்கு வந்து சேரவில்லை. நாமாவது வாங்குவதை நிறுத்தலாம்.

அதைவிட முக்கியம், இரண்டைக் கலக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் தூவி, கறை போகவில்லையே என்று அதன் மேலேயே ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ ஊற்றினால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில், 1915-ல், பெல்ஜியத்தில் போர்க்களத்தில் திறந்துவிட்ட அதே வாயு. அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், ஆகவே தரையோடு தரையாகத் தங்கும். நம் பாத்ரூமில் தேய்க்கிறவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்ப்பார், ஜன்னல் என்று பேருக்கு ஒரு சின்னத் துவாரம்தான் இருக்கும். கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமல் வந்தால் அந்த நொடியே எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். கதவைத் திறந்துவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போகாதீர்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம், மூச்சு இறுக்கம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதே நல்லது. பிளீச்சோடு அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனர் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். வினிகர், எலுமிச்சைச் சாறு சேர்ந்தாலும் குளோரின் வரும், வீட்டுப் பொருள்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

சரி, ஆசிட் இல்லாமல் என்ன செய்வது? நாம் ஆசிட்டைத் தேடுவதற்குக் காரணமே போர்வெல் தண்ணீர். பக்கெட்டின் உள்பக்கம், குழாயின் மூக்கு, டைல்ஸ் இடுக்கு எல்லாவற்றிலும் படிகிற அந்த வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க அமிலம் வேண்டும்தான், ஆனால் அவ்வளவு காட்டமான அமிலம் வேண்டியதில்லை. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தரும் சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குப் பழைய பனியன் துணியை இதில் நனைத்துச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஷவருக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் இந்தத் தண்ணீரை ஊற்றி, ஷவர் தலை முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டால், அடைத்துக்கொண்ட துளைகளில் இருந்து வெள்ளைத் துகள் உதிர்ந்து வரும், மிச்சத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். வருஷக்கணக்கில் ஏறிய கறை ஒரே தடவையில் போகாது, வாரம் ஒருமுறை ஊறவைத்தால் மெல்ல இளகும். ஆசிட் மாதிரி ஊற்றியதும் பொங்கிப் போகவில்லையே என்று பொறுமை இழக்காதீர்கள், ஊறும் நேரம்தான் இதில் வேலை செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. மார்பிள், மொசைக் தரை, சமையலறையில் போட்டிருக்கும் கடப்பா கல் இவற்றின் மேல் எந்த அமிலமும் படக் கூடாது. அந்தக் கல்லிலேயே கால்சியம் கார்பனேட்தான் இருக்கிறது, கறையோடு கல்லும் அரிக்கும், பளபளப்பு போய்விடும். அங்கே சோப்புத் தண்ணீர்தான். அப்புறம், ஆப்பசோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரை பொங்கவைக்கிற வீடியோக்களை நம்ப வேண்டாம். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். சோடாவைத் தனியாகத் தேய்க்கவும், வினிகரைத் தனியாக ஊறவைக்கவும் பயன்படுத்துங்கள். எலுமிச்சை, சாத்துக்குடித் தோலில் பயோ என்சைம் போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள், மூன்று பங்கு தோல், ஒரு பங்கு வெல்லம், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். ஆரம்ப வாரங்களில் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றாவிட்டால் பாட்டில் வெடிக்கும். அழுக்கு எடுக்க நல்லது, கிருமிநாசினி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

தரைக்குத் தினமும் பினாயில் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டுத் துடைத்தால் அழுக்கும் கிருமிகளில் பெரும்பகுதியும் போய்விடும். வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் அன்றைக்குப் பிளீச் எடுங்கள், லேபிளில் சொன்ன அளவில் தண்ணீர் கலந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. பூனை வளர்க்கிறவர்கள் கறுப்பு பினாயிலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம், பூனையின் உடம்பு அதைத் தாங்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பொருள்களை நம்மைவிட அதிகம் தொடுகிறவர் வேலைக்கு வரும் அக்கா. அவர் ஒரே நாளில் நாலு வீட்டு ஆசிட்டையும் பினாயிலையும் கையில் வாங்குகிறார். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள், எதை எதோடு கலக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

அடுத்து கொசு. மூடிய அறையில் ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கைக்குழந்தை படுக்கும் அறையில் அதை வைப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது. நொச்சி, வேப்பிலைப் புகை இயற்கைதானே என்பார்கள். புகை எதில் இருந்து வந்தாலும் நுண்துகள்தான், சாம்பிராணியும் சேர்த்தே சொல்கிறேன். மாலையில் முற்றத்தில் போடுங்கள், ஆள் படுக்கும் அறையில் வேண்டாம். லிக்விட் வேப்பரைசரில் புகை இல்லை, அந்த வகையில் சுருளைவிடப் பரவாயில்லை, ஆனாலும் அதில் இருப்பது பூச்சிக்கொல்லிதான். ராத்திரி முழுக்க ஓடவிடாமல், படுக்கும் முன் கொஞ்ச நேரம் போட்டு அணைத்துவிடுங்கள். மீன் தொட்டி இருக்கும் அறையில் கூடவே கூடாது. கம்பெனி விலாசமும் பதிவு எண்ணும் இல்லாத கொசு ஊதுபத்திகளை வாங்கவே வேண்டாம், அதில் எந்த மருந்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. உண்மையில் வேலை செய்வது ஜன்னலுக்கு வெல்க்ரோ வைத்து ஒட்டும் வலை, கட்டிலுக்குக் கொசுவலை, வேகமாக ஓடும் ஃபேன், வாரம் ஒருமுறை ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு முதல் பூந்தொட்டித் தட்டு வரை தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது. டெங்கு கொசு முட்டையில் இருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதற்குள் கொட்டினால் போதும்.

எலிக்கு வைக்கும் பேஸ்ட்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும். கல்லீரலை அழித்துவிடும், அந்த விஷத்தை முறிக்கும் மருந்து கிடையாது. தமிழ்நாடு அரசு தடை செய்தும் எங்காவது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் எலிமருந்து வைத்த வீட்டில் ஏசி அறையில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். எலிக்குப் பொறி வையுங்கள், பசைத்தாள் வையுங்கள், ஓட்டையை சிமெண்ட் வைத்து அடையுங்கள். ஆள் தூங்கும் வீட்டுக்குள் மருந்து வேண்டாம்.

பட்டுப்புடவைக்கு நடுவில் போடும் பாச்சா உருண்டை நாப்தலின். G6PD என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த நெடி ஏறிய துணியைப் போட்டாலே ரத்த சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். குறை இருப்பது பெரும்பாலான வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. ஆகவே பெட்டியில் இருந்து எடுத்த பழைய குழந்தைத் துணியைத் துவைத்து வெயிலில் காயப்போடாமல் போடாதீர்கள். உருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ துணியில் முடிந்து வைக்கலாம், புடவையை மாதம் ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விடலாம். வசம்பு பெட்டியோடு நிற்கட்டும், குழந்தைக்கு உரசிக் கொடுக்க வேண்டாம், அதிலும் நச்சுப் பொருள் உண்டு. சாமி மாடத்துச் சூடமும் அப்படித்தான். மிட்டாய் மாதிரி இருப்பதால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும். மேல் அலமாரியில் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

தோலுக்கு வரும் பொருள்களில் என் பெரிய பயம் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம். சில நாளிலேயே பளிச்சென்று ஆக்குகிறது என்றால் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். 2023-ல் கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரகம் பாதித்து வந்தவர்களை விசாரித்தபோது இப்படிப்பட்ட கிரீம்கள்தான் பொதுவாக இருந்தன. தயாரித்தவர் விலாசம், லைசென்ஸ் எண், பேட்ச் எண் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். கறுப்பாகப் பிடிக்கும் மெஹந்தி கோன் வேண்டாம், மருதாணி தானாகக் கறுப்பாகாது, அதில் முடிச்சாயத்தில் போடும் பிபிடி சேர்த்திருப்பார்கள். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெள்ளையோ தெரிந்தால் அன்றோடு நிறுத்துங்கள். சில பொட்டுகளின் பசையில் இருக்கும் ரசாயனம் தோலின் நிறமிச் செல்களைக் கொல்கிறது, அப்புறம் நிறம் திரும்புவது கஷ்டம்.

சமையலறையைப் பற்றி நீட்ட மாட்டேன். சூடான சாம்பார் பார்சலுக்குத் தூக்குவாளி எடுத்துப் போங்கள், பஜ்ஜி எண்ணெயைச் செய்தித்தாளில் ஒற்றாதீர்கள், நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள், 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைந்து நச்சுப்புகை வரும். தோசைக்கு இரும்புக் கல் இருக்கவே இருக்கிறது.

இவ்வளவு குறைத்த பிறகும் வீட்டில் இரண்டு மூன்று பாட்டில்கள் மிஞ்சும். வாங்கிய பாட்டிலிலேயே, லேபிளோடு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிங்க் அடியில் இருப்பது தவழும் குழந்தைக்குக் கைக்கு நேராக இருக்கும். எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். ஆசிட்டும் மண்ணெண்ணெயும் திரும்பி மேலே வரும்போது இன்னொரு முறை புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளும் போகும். வாயைத் துடைத்துவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-க்கு அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117, எந்நேரமும் எடுப்பார்கள். கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்பே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு கழுவுங்கள்.