டீக்கடையில் சின்னப் பையன் வேலை பார்க்கிறானா? இப்படிப் புகார் கொடுங்கள்

முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுங்கள். கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். கடை இருக்கும் இடம், பிள்ளைக்குத் தோராயமாக என்ன வயது, எந்த நேரத்தில் வேலை செய்கிறது, இவ்வளவு போதும். பள்ளிக்கூட நேரத்தில் பார்த்திருந்தால் அதை அழுத்திச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், மறுநாளே பிள்ளையை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடவும் கூடாது. மீட்கப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது.

"இது என்ன ஆபத்தான வேலையா?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் பட்டியல் போட்ட ஆபத்தான வேலைகளில் மட்டும்தான் 14 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது, வீட்டு வேலையும் ஓட்டல் வேலையும் அந்தப் பட்டியலுக்குள் வரவே 2006 ஆகிவிட்டது, 2016 திருத்தத்துக்குப் பிறகுதான் 14 வயதுக்குள் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று ஆனது. அதனால் அந்தப் பேச்சு இப்போது செல்லாது.

அடுத்து, "எங்க அக்கா பையன்தான்" என்பார்கள். குடும்பத் தொழிலுக்கு விலக்கு உண்டு, தாய்மாமன் கடையும் அதில் அடங்கும், ஆனால் பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோ மட்டும்தான். இந்த விலக்கே இருந்திருக்கக் கூடாது என்பது என் கருத்து, வீட்டுக்குள் நடப்பதை யார் போய்ப் பார்ப்பது?

சரி, 15 வயது என்றால்? சுரங்கம், பட்டாசு போன்ற ஆபத்தான வேலைகளில் 18 வரை தடை. மற்ற வேலையிலும் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி வழக்குப் போடலாம்.

14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூடக் கிடைக்கலாம். மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். நடவடிக்கை இல்லையா, கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம். 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் இடம் தர வேண்டும். வயதுச் சான்று இல்லை, டிசி வரவில்லை, பாதி வருஷம் போய்விட்டது என்று எதைச் சொல்லியும் திருப்பி அனுப்ப முடியாது.