திண்ணை மட்டும் போதாது: சென்னையில் வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டியவை

"பழைய காலத்து வீடு மாதிரி இருக்கணும்" என்று கேட்டுக் கட்டுபவர்கள் சென்னையில் பெருகிவிட்டார்கள். ஆத்தங்குடிக் கல், மரத்தூண், வாசலில் திண்ணை எல்லாம் வந்துவிடுகிறது. காற்றுதான் வருவதில்லை.

கோளாறு முற்றத்தில் தொடங்குகிறது. மேலே திறந்திருந்தால்தான் அது முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலேற, வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வரும். கொசு, சாரல், திருட்டுப் பயம் என்று அதன்மேல் பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டு மூடினால், வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. கூடத்து நடுவில் அடுப்பு மூட்டியதுபோல்தான். கிரில்லும் கொசுவலையும் போதும். ஷீட் போட்டே தீரவேண்டுமென்றால் சுவருக்கு மேல் இரண்டடி தூக்கி, நான்கு பக்கமும் இடைவெளி விடச் சொல்லுங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார், பரவாயில்லை.

செட்டிநாட்டை அப்படியே இங்கே இறக்குவதும் சரிவராது. அது கடலிலிருந்து தள்ளிய வறண்ட சீமை. பகல் சூட்டைத் தடித்த சுவர் தாங்கிக்கொள்ளும். சென்னையில் இரவிலும் புழுக்கம். வியர்வை காய காற்று ஓடவேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியின் பழைய வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றதால் பக்கச்சுவரில் வெயில் படவில்லை. வாசல்கதவும் கொல்லைக்கதவும் நேருக்கு நேர்; தெருவில் நின்றால் கிணற்றடி தெரியும். இன்றைய பிளாட்டில் அந்த நேர்கோட்டை மறித்து நிற்பது அட்டாச்டு பாத்ரூம்.

அடுத்தது திசை. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கமே ஆளுயரக் காம்பவுண்டு எழுப்பினால் தரைத்தளம் வெந்துபோகும். மேற்கு வெயிலோ சாய்ந்து வருவது. ஜன்னலுக்கு மேலே உள்ள சன்ஷேட் அதைத் தடுக்காது. பக்கவாட்டுத் தடுப்போ, தட்டியோ, ஒரு வேப்பமரமோ வேண்டும். ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. எனவே சாலையைப் பார்த்த கட்டடங்களின் முகப்பு கிழக்கிலோ மேற்கிலோதான் அமையும். அந்த முகப்பு முழுக்கக் கண்ணாடி பதிப்பதை நவீனம் என்கிறார்கள். மின்கட்டணம் கட்டுபவரிடம் கேட்டால் வேறு பெயர் சொல்வார்.

மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு என்னும் தட்டையான மண் ஓட்டைப் பதிப்பது நம் வழக்கம். அதை விட்டுவிட்டு கருப்பு வாட்டர்புரூஃப் பூச்சோடு நிறுத்திவிடாதீர்கள்; குறைந்தது வெள்ளையாவது அடியுங்கள்.

கடைசியாகத் தரை. மாம்பலம் ஏரி 1920களில் தி.நகர் ஆனது, நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. தண்ணீர் இறங்கும் நிலத்தை மூடி ஊர் அளவில் செய்த அதே தவறை நாம் வீட்டளவில் செய்கிறோம்: கார் நிறுத்த வசதியாக மரத்தின் அடிவரை சிமென்ட். 2003இல் மழைநீர்த் தொட்டி கட்டாயமானதால் பெரும்பாலான வீடுகளில் ஒன்று இருக்கும். திறந்து பார்த்தால் பல இடங்களில் சேறு. ஐப்பசிக்கு முன் ஆள் வைத்து வாரி, கூழாங்கல்லையும் மணலையும் கழுவிப் போடுங்கள். மரத்தைச் சுற்றி நாலடியாவது மண்ணை விடுங்கள்.