சொரியாசிஸ் மூட்டுவலி எதனால் கிளம்புகிறது? நோட்டு போட்டுக் கண்டுபிடிக்கும் முறை

“நேத்து கத்தரிக்காய் சாப்பிட்டேன், இன்னிக்கு விரல் வீங்கிடுச்சு.” சொரியாசிஸ் உள்ள வீடுகளில் பழகிப்போன பேச்சு இது. கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் என்று சொல்லி, அதோடு விசாரணையை முடித்துவிடுகிறோம். ஆனால் சொரியாட்டிக் ஆர்த்ரைடிஸில் (சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு வரும் மூட்டுவலி) வலியைக் கிளப்பிவிட்டது நேற்றைய சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு வாரம் முன்பு வந்த தொண்டைப்புண்ணாக இருக்கலாம், விட்டுப்போன மாத்திரையாகவும் இருக்கலாம்.

கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி நம் தோலையும் மூட்டையுமே தாக்குவதுதான் இந்த நோய். சொரியாசிஸ் உள்ள 10 பேரில் 3 பேருக்கு வரை இது வரலாம். பெரும்பாலானவர்களுக்குத் தோலில் படை வந்து பல வருடம் கழித்துத்தான் மூட்டு பிடிக்கிறது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் இரத்தப் பரிசோதனை இதில் பொதுவாக நெகட்டிவ். வீக்கம் இருக்கும்போதுகூட, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகள் நார்மலாக வரலாம். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக உங்கள் வலி பொய்யாகிவிடாது.

படி 1: வந்திருப்பது அதுதானா?

காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிக்கிடந்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியும் விடாமல், நடமாட நடமாடத் தளர்ந்தால் நோய் கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனி வரை மொத்தமாக வீங்குவது, கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துவது ஆகியவையும் இதன் அடையாளங்கள். வேலை செய்யச் செய்யக் கூடி, ஓய்வெடுத்தால் அடங்கும் வலி பெரும்பாலும் வெறும் அலுப்பு. ராத்திரியோடு ராத்திரியாகக் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலத்தையும் சந்தேகிக்க வேண்டும். சிக்குன்குனியா வந்துபோன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுவலி இருக்கலாம்.

ஒரே ஒரு மூட்டு சிவந்து, தொட்டால் சுட, காய்ச்சலும் சேர்ந்தால் யோசிக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம்.

படி 2: நோட்டு

தினமும் இரண்டு வரி போதும். இறுக்கம் எத்தனை நிமிடம், வலி பத்துக்கு எத்தனை, எந்த மூட்டு, எப்படித் தூங்கினேன், மாத்திரை போட்டேனா. அப்புறம் வழக்கத்துக்கு மாறாக அன்று நடந்த ஏதாவது ஒன்று. இப்படி:

“செவ்வாய். இறுக்கம் 50 நிமிடம். வலி 6. வலது மோதிர விரல், இடது குதிகால். விரலை மடக்கி மூட முடியவில்லை. தூக்கம் 4 மணி நேரம். மாத்திரை போட்டாயிற்று. நேற்று வீடு மாற்றினோம்.”

நல்ல நாட்களிலும் எழுத வேண்டும். வலிக்கும் நாட்களை மட்டும் குறித்தால் எல்லாமே காரணம் மாதிரிதான் தெரியும்.

படி 3: மூன்று வாரம் பின்னால் போய்ப் பாருங்கள்

வலி கிளம்பியதும் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டுங்கள். முதலில் மாத்திரை. இதைத்தான் நான் முதல் குற்றவாளியாக வைப்பேன். இந்த நோய்க்குப் பலருக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து (தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து). அதனால் மறப்பதும் சுலபம். நிறுத்தினால் மறுநாளே வலி வராது, மெல்லத்தான் ஏறும். அதனால் அதன்மேல் சந்தேகமே வராது. கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் யாரோ கொடுத்த பொடி “உடனே கேட்டது” என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தும்போது தோலும் மூட்டும் சேர்ந்து கிளம்பும்; தோல் விஷயம் உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

வேறு நோய்க்குப் புதிதாக வந்த மாத்திரைகளையும் பாருங்கள். மனநோய்க்குத் தரும் லித்தியம், பிரஷருக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால் போன்ற சில மருந்துகள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவை சிலருக்குச் சொரியாசிஸைத் தூண்டும். சிக்குன்குனியா மூட்டுவலிக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் எழுதுவது உண்டு. எனக்குச் சொரியாசிஸ் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்து காய்ச்சல், தொண்டைப்புண். பிறகு அடி, சுளுக்கு, பழக்கமில்லாத பாரம். அப்புறம் தூக்கமும் மனஉளைச்சலும். ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வாரம் அலைச்சல், விடியற்காலை முகூர்த்தம், அரைத்தூக்கம், பையில் எடுத்துவைக்க மறந்த மாத்திரை. ஊர் திரும்பியதும் வலி வந்தால் பழி மட்டும் பந்தியில் போட்ட கத்தரிக்காய்க் கொத்சுவுக்கு!

சிகரெட், மது, உடல் எடை மூன்றும் திடீரென வந்துபோகிறவை அல்ல, பின்னணியில் எப்போதும் இருப்பவை. எடை அதிகம் உள்ளவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே மருந்து நன்றாகக் கேட்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் மதுவைத் தொடாமல் இருப்பதே கல்லீரலுக்கு நல்லது.

படி 4: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

சாப்பாட்டில்தான் சந்தேகம் என்றால் அந்த ஒரு பொருளை மட்டும் நான்கு வாரம் நிறுத்தி, மறுபடி சாப்பிட்டு, நோட்டில் வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். இந்த நோய் உள்ள எல்லோரும் ஒதுக்க வேண்டிய காய் என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பத்தியம் என்ற பெயரில் மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் விட்டால் மெலிவது தசைதான்.

படி 5: வலி கிளம்பிய நாளில்

சூடாக வீங்கிய மூட்டுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம்; வெறும் இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம். கனமான வேலையைத் தள்ளிப்போடுங்கள், ஆனால் படுத்தே கிடக்காமல் மூட்டை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். மருந்துக்கடையில் வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆகாது. பயாலஜிக் ஊசி (எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்கும் ஊசி மருந்து) போடுபவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், அடுத்த ஊசியைப் போடலாமா என்று மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும். கண் சிவந்து வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் அன்றே கண் மருத்துவர்.

வலி சில நாளில் அடங்கவில்லை, அல்லது அடிக்கடி வருகிறது என்றால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. நோட்டை எடுத்துப் போங்கள். வீங்கிய விரலை அன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாளில் வீக்கம் வடிந்திருக்கும்.