பங்குனியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: உளுந்து, வடகம், தாத்தாவின் பிடில்

வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்கள், இல்லையென்றால் பிள்ளைகளின் கோடை விடுமுறையில். காவிரிப் படுகைக் கிராமத்தில் வீடும் சொந்தமும் இருப்பவர்களுக்கு நான் சொல்வது மாசிப் பின்பாதியும் பங்குனியும்தான். மார்ச் தொடங்கி ஏப்ரல் முதல் பாதி வரை. விடிகாலையில் இன்னும் போர்வை தேவைப்படும், பத்து மணிக்கு மேல் வெயில் உறைக்கும். சம்பா, தாளடி அறுவடை முடிந்திருக்கும். வீட்டில் இருப்பவர்கள் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிற மாதம் இது.

ஆற்றை நினைத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடிவிடுவார்கள். பங்குனியில் காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு எல்லாம் மணலாகத்தான் கிடக்கும். திருவையாற்றுப் புஷ்ய மண்டபத் துறையில் அப்பா, அம்மாவுக்குத் திதி கொடுக்கும் எண்ணத்தோடு வருகிறவர்கள், குளிக்க என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். வயதான அத்தைகளை அழைத்துப் போய் வெறும் மணலில் நிற்க வைப்பது பாவம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால், மார்ச்சில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அரசுப் பொதுத்தேர்வு நடக்கும். அந்த வீட்டில் இரவு பதினொரு மணி வரை சிரித்துப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. யாரும் உங்களிடம் நேரே சொல்ல மாட்டார்கள். நீங்களாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் உளுந்து. தை மாதம் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே வயலுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். அதற்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பின்பனியிலும் வளர்ந்து பங்குனியில் பறிப்புக்கு வந்துவிடும். பறித்த செடியைத் தார்ச்சாலையிலேயே பரப்பிப் போட்டு, வண்டிகள் ஏறி மிதிக்க விடுவார்கள். வாடகைக் காரில் விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். இரண்டு சக்கர வண்டி சறுக்கும். அதைப் பார்த்து எரிச்சல்பட்டுச் சத்தம் போட வேண்டாம். அது அந்தக் குடும்பத்தின் கோடைச் செலவுக்கான பணம்.

வீட்டுக்குள் நடக்கிற வேலைகளுக்குத் தயாராகப் போங்கள். விடியற்காலையில் கூழ் கிண்டி, வெயில் ஏறுவதற்குள் மாடியில் வேட்டி விரித்து வடகம் பிழிவார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு எல்லாம் கலந்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டும் தாளிப்பு வடகம் தனி. வேப்ப மரத்தடியில் துணி விரித்து வைத்தால் காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். மாவடு வாங்கி உப்பிலும் விளக்கெண்ணெயிலும் புரட்டி ஜாடியில் போடுவார்கள், தினமும் குலுக்கிவிட ஒரு ஆள் வேண்டும். இதற்கெல்லாம் விருந்தாளியைக் கூப்பிட மாட்டார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள். நாற்காலியை விட்டு எழுந்து போய்ச் செய்யுங்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி என்று போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

இனி, எந்த வழிகாட்டியிலும் இல்லாத ஒன்று. ஊர் வீட்டிலிருந்து எந்தப் பழைய பொருளையும் கேட்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கு, ஊஞ்சல் பலகை, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, எதுவானாலும். நான் கேட்டது பிடில், அதாவது வயலின்.

என் தாத்தா கச்சேரி வித்வான் இல்லை. மார்கழியில் வீதி பஜனை, ராமநவமிக்குப் பஜனை மடம், நடுவில் யாராவது கதாகாலட்சேபத்துக்குக் கூப்பிட்டால் அது, அவ்வளவுதான் அவர் வாசிப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் பிடில் இருப்பது அதிசயமும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது வெள்ளைக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த வாத்தியம் அது. தஞ்சை நால்வர் என்று பேர் பெற்ற இசைச் சகோதரர்களில் இளையவரான வடிவேலு அதில் பேர் வாங்கினார். திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர், கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை என்று பெரிய கைகள் எல்லாம் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயரோடுதான் அறியப்பட்டார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்களில் என் தாத்தாவைப் போன்ற நூறு பேர் இருந்திருப்பார்கள்.

வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டுத் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து உட்காருவார். வலது பாதத்தில் பிடிலின் தலையை ஊன்றிக்கொண்டு ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்க்கவே ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார். பங்குனியில் வெக்கை தொடங்கினால் தந்தியை முறுக்கும் பிருடை இளகும், திரும்பத் திரும்ப முறுக்குவார். கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம், மாடு வைக்கோல் இழுக்கிற சத்தம், நடுவில் இது. யாரும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டதில்லை. ஆனால் அவர் வாசிக்காத சாயங்காலம் பெரியம்மா, "ஏன் மாமா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிடுவார்.

அந்தச் சத்தம் எனக்குக் கனடாவில் மார்ச் மாதப் பனிக்குள் அடிக்கடி ஞாபகம் வந்தது. புறப்படுவதற்கு முன்னால் பெரியப்பா மகனான அண்ணனிடம் போனில் கேட்டேன். "பரண்ல கிடக்கு. வந்து எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

வந்த அன்றைக்கே திண்ணையில் வைத்துப் பெட்டியைத் திறந்தோம். தந்தி எல்லாம் அறுந்து, தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டை சாய்ந்து கிடந்தது. எதிர்வீட்டுப் பையன் துளை வழியாக உள்ளே போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தில் ஸ்ட்ராடிவேரியஸ் என்று லத்தீனில் அச்சிட்டிருந்தது. அந்தப் பெயரைப் போனில் தேடினான். கோடிக்கணக்கில் விலை போகும் பிடில் என்று வந்தது. இருட்டுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் பெட்டி பீரோவுக்குள் பூட்டப்பட்டிருந்தது.

அண்ணன் சொன்னது இது: "பிடில நீ எடுத்துக்க. வீட்டுலயும் கொல்லையிலயும் உங்கப்பா பங்க எனக்கு விட்டுக்கொடுத்து எழுதிட்டுப் போ." இரண்டு நாளில் மன்னார்குடியிலிருந்து அத்தை வந்து இறங்கினார். தனக்கும் பங்கு உண்டு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தாத்தா தானே சம்பாதித்த சொத்து, உயில் எழுதவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்குதான். ஆனால் அதையெல்லாம் பேச நான் வரவில்லை. சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தால் அதே பேச்சு. குலதெய்வம் கோயிலுக்குப் போன வேனில் அதே பேச்சு. முன்பின் தெரியாத ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, தனக்குச் சென்னையில் ஆள் தெரியும் என்றார்.

திருச்சியில் வயலின் பழுது பார்க்கிறவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். பேருந்தில் அண்ணன் பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை. அந்த மனிதர் சிறிய கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஜெர்மனி என்று இருப்பதைக் காட்டினார். ஜெர்மனியில் பட்டறை பட்டறையாகச் செய்து உலகம் முழுக்க அனுப்பிய பிடில்களில் அந்தப் பெயரை மாதிரிப் பெயராக ஒட்டுவது வழக்கம். உண்மையான ஸ்ட்ராடிவாரி இத்தாலியில் கிரெமோனாவில் இருந்தவர், 1737-இல் இறந்துவிட்டார். இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்ட பிறகுதான் இப்படி நாட்டுப் பெயர் அச்சிடுவது பரவியது. நல்ல குரல் உள்ள பிடில், சரிசெய்தால் இன்னும் ரொம்ப காலம் வாசிக்கலாம், விலை சில ஆயிரம்தான் என்றார் அவர்.

அண்ணன் நம்பவில்லை. நான் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்துவிட்டேன் என்று நினைத்தார். சென்னைக்குப் போக வேண்டும் என்றார். போனோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். திரும்பி வருவதற்குள் உளுந்து பறித்து முடிந்திருந்தது. பெரியம்மா அந்த முழங்காலோடு தனியாகக் கூழ் கிண்டி வடகம் பிழிந்து எடுத்து வைத்துவிட்டார். எனக்கென்று ஒரு பை கட்டியிருந்தார். எதற்காக இந்த மாதத்தில் வந்தேனோ அது எல்லாம் நான் பேருந்தில் இருந்தபோது நடந்து முடிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

புறப்படுகிற அன்று அண்ணன் பேசியதையும் சொல்ல வேண்டும். "தாத்தா படுத்த படுக்கையா இருந்தப்ப தூக்கி உக்கார வெச்சவன் நான். சாயங்காலமானா பிடில கேப்பாரு. வாசிக்க முடியாது, மடியில வெச்சுத் தடவிக்கிட்டு இருப்பாரு. நீ அப்ப எங்க இருந்த?" நான் பதில் சொல்லவில்லை. தாத்தா இறந்த செய்தி எனக்கு வேலை நடுவில் வந்தது. அன்றைக்கு விமானச் சீட்டு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

பிடில் அந்த வீட்டிலேயே இருக்கிறது. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அண்ணனோடு பேச்சு இன்னும் பழைய மாதிரி ஆகவில்லை.

எனவே கையெழுத்து விஷயத்தில் உறுதியாக இருங்கள். விடுமுறையின் கடைசி வாரத்தில் நீட்டப்படும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், அது நியாயமான பத்திரமாகவே இருந்தாலும். வில்லங்கச் சான்றும் பட்டா, சிட்டாவும் அரசு இணையதளங்களில் வெளிநாட்டிலிருந்தே பார்க்கலாம், பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒற்றை முன்னெழுத்தாகவும் உங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகவும் இருக்கும், அதற்கே தனியாக உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். பொது அதிகாரப் பத்திரத்தை வெளிநாட்டில் எழுதி அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவதைப் பெற்றுக்கொள்ளலாம். உங்களுக்கு உரிமையே இல்லை என்று யாராவது திண்ணையில் சொன்னால் நம்ப வேண்டாம். விட்டுக்கொடுப்பதானால் மனசார, நிதானமாக, அத்தைக்கும் தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

வாத்தியம் உண்மையிலேயே உங்களுக்கு வந்து சேர்ந்தால் சில காரியங்கள் இருக்கின்றன. நூறு வருடம் ஆன கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். வயதில் சந்தேகம் இருந்தால், தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்பே வாங்கிவிடுங்கள். பழைய வில்லின் நுனியில் தந்தத் துண்டு இருந்தால் வில்லை ஊரிலேயே விட்டுவிடுங்கள். எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள், உள்ளே இரண்டு பலகைக்கும் நடுவில் நிற்கிற குச்சி விழுந்துவிடும். பங்குனி வெயிலில் காருக்குள் வைத்தால் பசை விடும். குளிர்நாட்டு வீட்டில் சூடேற்றி ஓடினால் காற்று காய்ந்து மரம் வெடிக்கும்.

ஆனால் பொருளைக் கொண்டுவருவதை விட, அது இருக்கிற இடத்தில் வாசிக்கப்பட வழி செய்வது நல்லது. பழுது பார்க்கிற செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு பிள்ளைக்கு ஆசை இருந்தால் பாட்டு வாத்தியாருக்கு மாதச் சம்பளத்தை நீங்கள் கொடுங்கள். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலும் திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் வயலின் சொல்லிக்கொடுக்கிறார்கள். அண்ணன் மகளுக்காக இதைக் கேட்டுப் பெரியம்மாவிடம் பேசியிருக்கிறேன். அவர் சரி என்று சொல்லியிருக்கிறார், அண்ணன் இன்னும் சொல்லவில்லை.

கேட்க மட்டும் ஆசைப்படுகிறவர்கள், தியாகராஜர் ஆராதனை தை மாதத்தோடு போய்விடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். ராமநவமிக்குக் கிராமத்துப் பஜனை மடங்களில் சாயங்காலம் பாட்டு இருக்கும். பிடில் வாசிக்கிற பெரியவர் இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். முடிந்ததும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். ராமநவமி சில வருடம் பங்குனியிலும் சில வருடம் சித்திரையிலும் வரும், அதனால் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுங்கள்.